பூசணி முகமூடியும் புரியாத சொல்லும்

அக்டோபர் கடைசி வாரத்தில் ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கில வகுப்பு களைகட்டிவிடும். கறுப்புக் காகிதத்தில் சூனியக்காரித் தொப்பி, ஆரஞ்சுக் காகிதத்தில் பூசணி முகமூடி. அவற்றை மாட்டிக்கொண்ட குழந்தைகள் ஆசிரியர் அறைக் கதவைத் தட்டி, "டொரிக்கு ஓஆ டொரீட்டோ" என்று கூச்சலிடுகிறார்கள். மிட்டாய் தராவிட்டால் குறும்பு செய்வோம் என்று அமெரிக்கக் குழந்தைகள் ஹாலோவீன் இரவில் வீடு வீடாகச் சென்று மிரட்டும் வாசகம்தான் ஜப்பானிய நாக்கில் இப்படி உருமாறுகிறது. பள்ளியில் தின்பண்டத்துக்குத் தடை இருந்தால் மிட்டாய்க்குப் பதில் ஸ்டிக்கர்.

இந்தக் கலாட்டாவுக்கு வழக்கமான சூத்திரதாரி, வெளிநாட்டிலிருந்து வந்த உதவி ஆசிரியர். இத்தகையவர்களை அழைத்துவர ஜப்பான் அரசு 1987ல் தொடங்கியது ஜெட் திட்டம். முதல் ஆண்டில் 4 நாடுகளிலிருந்து 848 பேர் வந்தனர். இப்போது ஒரே சமயத்தில் பணியில் இருப்பவர்கள் 5,000க்கும் அதிகம். பலர் கல்லூரியை விட்டு வெளியே வந்த கையோடு விமானம் ஏறியவர்கள். இலக்கணத்தை உள்ளூர் ஆசிரியர் பார்த்துக்கொள்வார். வாழும் மொழியை வகுப்பறைக்குக் கொண்டுவருவது இவர்கள் வேலை. பாடப் புத்தகத்தைக் கண்டு மிரளும் குழந்தையும் முகமூடிக்குப் பின்னால் துணிந்து வாய் திறக்கிறது. அந்த வகையில் ஹாலோவீன் இவர்களுக்கு ஒரு வரப்பிரசாதம்.

ஆனால் வாசகத்தை ஒப்பிப்பதோடு பாடம் முடிந்துவிடுமா? முடியாது என்பதற்கு ஜப்பான் மறக்க முடியாத சாட்சி ஒன்று உண்டு.

நகோயாவைச் சேர்ந்த 16 வயது மாணவன் யோஷிஹிரோ ஹட்டோரி. 1992ல் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்குச் சென்றிருந்தான். அக்டோபர் 17 அன்று ஹாலோவீன் விருந்து ஒன்றுக்கு வேடமணிந்து புறப்பட்டான். விலாசம் குழம்பியது. தட்டியது வேறொரு வீட்டுக் கதவை. துப்பாக்கியுடன் வெளியே வந்த வீட்டுக்காரர் "ஃப்ரீஸ்" என்று கத்தினார். அசையாதே என்று பொருள். ஜப்பானியப் பள்ளி மாணவன் அறிந்த பொருளோ, தண்ணீர் உறைவது. விருந்துக்கு வந்திருப்பதாகச் சொல்லியபடியே ஹட்டோரி முன்னால் நடந்தான். குண்டு நெஞ்சில் பாய்ந்தது. மறு ஆண்டு நடந்த குற்ற வழக்கில் வீட்டுக்காரர் விடுதலையானார்.

அந்த ஒரு சொல் அவனுக்குப் புரிந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று ஜப்பானில் பெரும் விவாதம் எழுந்தது. குற்றம் துப்பாக்கியினுடையது, ஆங்கில வகுப்பினுடையது அல்ல. ஹட்டோரியின் பெற்றோரும் அப்படித்தான் கருதினர். அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாடு கோரி அவர்கள் திரட்டிய சுமார் 17 லட்சம் கையெழுத்துகள் 1993ல் அதிபர் கிளிண்டனிடம் சேர்ந்தன. ஆனாலும் மொழி ஆசிரியருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. சொல்லைக் கற்றுத் தந்தால் போதாது. அதை யார், எங்கே, எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பதும் பாடத்தில் சேர வேண்டும். அமெரிக்காவில் வாசல் விளக்கு எரியும் வீட்டுக் கதவைத்தான் ஹாலோவீன் குழந்தைகள் தட்டுவார்கள். இருண்ட வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். வாசகத்தைவிட முக்கியமான இந்த வழக்கம் காகிதத் தொப்பியின் அடியில் காணாமல் போய்விடலாகாது.

பாடம் ஒருவழிப் பாதையாகவும் இருக்க வேண்டியதில்லை. ஜப்பானின் வடபகுதியில் உள்ள ஹகோடாடே நகரில் ஜூலை 7, தனபாட்டா திருவிழா. அன்று மாலை யுகாட்டா என்ற பருத்தி உடை அணிந்த குழந்தைகள், வாசலில் மூங்கில் கிளை வைத்த வீடுகளுக்குச் சென்று பாட்டுப் பாடி மெழுகுவர்த்தி கேட்பார்கள். இப்போது பெரும்பாலும் கிடைப்பது மிட்டாய். அங்கே விளக்கு, இங்கே மூங்கில். இரண்டும் சொல்வது 'உள்ளே வரலாம்' என்பதைத்தான். இதைத் தங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வெளிநாட்டு ஆசிரியருக்குக் குழந்தைகள் விளக்கட்டும். அதைவிட நல்ல பயிற்சி இருக்க முடியாது.

மகனைப் பறிகொடுத்த ஹட்டோரி தம்பதி செய்த இன்னொரு காரியமும் உண்டு. அவன் பெயரில் ஒரு நிதியை ஏற்படுத்தினார்கள். ஜப்பானியரோடு தங்கி அந்த நாட்டை அறிந்துகொள்ள அமெரிக்கப் பள்ளி மாணவர்களை அழைத்து வருவதற்காக.