நாலு சிட்டிகை

எங்கள் ஊரில் 'உப்புத் தண்ணி' என்றால் போர்வெல் தண்ணீர். குளிக்க, துவைக்க, செடிக்கு ஊற்ற. குடிக்க சிறுவாணி. இந்த இரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒரு தண்ணீர் உண்டென்று அம்மாவுக்குப் புரியவைக்க வேண்டிய நிலை, வடவள்ளி வீட்டுக் கூடத்தில் கடல் மீன் தொட்டி வைத்த அன்று வந்தது. "வர்றதே உப்புத் தண்ணி. அதைய மெசின்ல உட்டு நல்ல தண்ணியாக்கி, மறுக்கா உப்பப் போடறயா கண்ணு?" என்றார்.

கேள்வி நியாயம்தான். ஆனால் போர்வெல் உப்பு வேறு, கடல் உப்பு வேறு. போர்வெல்லில் சுண்ணாம்போடு சாக்கடையும் உரமும் இறக்கிய நைட்ரேட் இருக்கும், பாறையிலிருந்து கரைந்த சிலிக்கேட் இருக்கும். பாசிக்கு இது விருந்து. அதனால் ஆர்.ஓ.வில் வடித்த தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கடல் உப்புக் கலவை. 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ. தூத்துக்குடிக் கல்லுப்பு இருக்க இதற்கு எதற்கு இவ்வளவு காசு என்பது அம்மாவின் அடுத்த கேள்வி. பாத்தியில் உப்பை வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரோடு மக்னீசியம் பெரும்பாலும் போய்விடுகிறது. கல்லுப்பு ரசத்துக்கு ஆகும், கடலுக்கு ஆகாது.

கல் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "லைவ் ராக் வேணுங்களா?" என்றார். கடலில் இருந்து பெயர்த்த பவளப் பாறை. கல் போன்ற பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே பந்தியில் இருக்கின்றன. வேண்டாமென்று சுட்ட பீங்கான் கல்லை வாங்கி வந்தேன்.

இரண்டாவது வாரம் கல்லின் மேல் பழுப்பாக, சுக்குப் பொடி தூவியது போல ஒன்று படிந்தது. டயாட்டம். சிலிக்காவில் ஓடு கட்டிக்கொண்டு வாழும் நுண்பாசி. சிலிக்கேட் தீர்ந்ததும் தானாகப் போனது. பின்னாலேயே பச்சை முடி வந்தது, விரல் நீளத்துக்கு. அதன் இடுக்கில் கருஞ்சிவப்பு வழவழப்பாக ஒரு விரிப்பு. பார்க்கப் பாசி, உண்மையில் பாக்டீரியா. சயனோபாக்டீரியா. இந்த உலகத்துக்கு முதலில் ஆக்சிஜன் கொடுத்த குலம். அந்த மரியாதையை மனதில் வைத்துக்கொண்டுதான் குழாய் போட்டு உறிஞ்சினேன்.

"ஒரு மூடி ஊத்துங்க, மூணு நாள்ல காணாமப் போயிருமுங்க" என்று ஒரு மருந்து பாட்டில் கைக்கு வந்தது. மூன்று நாளில் காணாமல்தான் போனது. பத்தாம் நாள் இன்னும் அடர்த்தியாக வந்து நின்றது. செத்த பாசி எங்கே போகும்? அழுகி, தான் தின்ற நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அதே தண்ணீரில் கக்கியிருந்தது.

நம் ஊர்க் குளங்களில் பொக்லைன் இறங்கி ஆகாயத்தாமரை அள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அள்ளிக் கரையில் போட்ட ஈரம் காய்வதற்குள் மறுபடி பச்சை மூடிவிடும். சாக்கடை வாய் திறந்தே இருக்கிறதே. என் தொட்டியில் அந்த வாய் எங்கே என்று தேடினேன். விளக்கை 10 மணி நேரத்திலிருந்து 6 ஆகக் குறைத்தேன். உறைந்த இறாலைக் கழுவித்தான் போட்டேன், அந்தச் சாற்றில் பாஸ்பேட் உண்டு என்பதால். பாசி அசையவில்லை.

பிறகொரு நாள் மத்தியானம் வீட்டில் இருந்தேன். சமையலறையில் மீன் தீனி டப்பாவின் மூடி திறந்த சத்தம் கேட்டதும் இரண்டு நீமோவும் கண்ணாடிக்கு ஓடி வந்து நின்றன. அம்மா பின்னாலேயே வந்தார். பால்காரர் வந்தால் ஒரு சிட்டிகை, சித்தி வந்தால் ஒரு சிட்டிகை. வீட்டுக்கு யார் வந்தாலும் 'சாப்டீங்களா' என்று கேட்டே பழகிய ஊர். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு மீனைப் பட்டினி போட அவரால் முடியவில்லை. "அதுக்கும் வவுறுதானே கண்ணு?"

டப்பாவைப் பூட்டி வைத்தேன். இதை வீரமாகச் சொல்லவில்லை. வடிகட்டி, பாஸ்பேட் இழுக்கும் இரும்பு மணல், வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றம் என்று எல்லாம் ஒன்றாகச் சேர, ஆறு வாரத்தில் சோதனைக் குப்பியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம். பச்சை முடி உதிர்ந்தது. அந்த இடத்தில் சளி போல, குமிழி குமிழியாக வேறொன்று வந்தது. டைனோஃபிளாஜெல்லேட். மற்ற பாசிகள் பட்டினியில் சாகும்போது போட்டியில்லாமல் பரவும் சாதி. நத்தைகள் இரண்டு செத்தன. மருந்து என்னவென்று படித்தால், தண்ணீரில் சத்தைக் கூட்ட வேண்டுமாம்.

அம்மாவிடம் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். "பாசியே இல்லாத கெணத்துல மீனு எப்படிக் கண்ணு இருக்கும்?" என்றார். பவளத்துக்குச் சோறு போடுவதே அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான். அது வெளியேறினால் பவளம் வெளுத்துவிடும். அம்மாவுக்கு இது தெரியாது. அவர் சொன்னது அவினாசிப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றை.

இராமநாதபுரம் கரையில் பாசி என்பது பெண்களின் தொழில். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று பெயர் சொல்லி மூழ்கி எடுப்பார்கள். மளிகைக் கடையில் கடல்பாசி என்று வாங்கி இனிப்புக் கிண்டுகிறோமே, அந்த அகர் முதல் இரண்டிலிருந்து வருவது. அதே கரையில், மண்டபம் பகுதியில் வளர்க்கக் கொண்டுவந்த கப்பாபைகஸ் என்னும் அயல் பாசி, குருசடைத் தீவின் பவளங்கள் மேல் ஏறி மூடியதை 2008-இல் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்தார்கள். கரையில் கூலி கொடுப்பது, பவளத்தின் மேல் போர்வையாகிறது.

இப்போது தொட்டிக்கு அடியில் இன்னொரு சிறு தொட்டி. அதில் நூடுல்ஸ் மாதிரி சுருண்ட கீட்டோ என்ற பாசியை நானே வளர்க்கிறேன். மேலே வர வேண்டிய பாசியின் சோற்றை இது தின்றுவிடும். அம்மாவுக்கு நாளைக்கு நாலு சிட்டிகை என்று ஒப்பந்தம். சித்தி வரும் நாளில் அது ஆறாகிறது என்பது கீட்டோ வளரும் வேகத்திலேயே தெரிகிறது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கை அளவு பறித்துப் போடுவேன். போன முறை அதை அம்மா வாங்கி, மூன்று தண்ணீர் அலசி, கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் போட்டார். உப்புக்குச் செடி பட்டுப்போகும் என்றேன். "உன்ற மீனப் பாரு" என்றார். நேற்று கொழுந்து விட்டிருக்கிறது.