சம்பூரின் 818 ஏக்கரும் ஒரு தடை உத்தரவும்

தம்பலகாமத்தில் ஒருவர் வயலொன்றைக் குத்தகைக்கு எடுத்து விதைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தில் உடன்படிக்கை இருக்கிறது, முற்பணமும் கொடுத்தாயிற்று. பயிர் குடலைப் பருவத்தில் நிற்கும்போது காணிக்காரர் மனம் மாறி வயலை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுகிறார். புதியவர் உழவு இயந்திரத்தோடு வரம்பில் வந்து நிற்கிறார். வழக்குப் போட்டுத் தீர்ப்பு வரும்வரை பொறுத்திருந்தால் பயிர் மிஞ்சாது. அப்படியான வேளையில்தான் சட்டத்தரணி திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்துக்கு ஓடி, இடைக்காலத் தடை உத்தரவு கேட்கிறார்.

நீதிபதி பார்ப்பது மூன்று விடயங்களை. வழக்காளியிடம் மேலோட்டமாகவேனும் ஒரு வழக்கு இருக்கிறதா? தடை கொடுத்தால் வரும் பாதிப்பு பெரிதா, கொடுக்காவிட்டால் வரும் பாதிப்பு பெரிதா? கேட்பவர் நேர்மையாக நடந்துகொண்டவரா? இவற்றோடு சேர்ந்தே வரும் இன்னொரு கேள்வி, பின்னர் பணமாகக் கொடுத்து இந்த நட்டத்தை ஈடுசெய்ய முடியுமா என்பது. முடியுமென்றால் பெரும்பாலும் தடை கிடைக்காது. பேசிய விலைக்கு நெல் தரவில்லை என்று ஆலைக்காரர் வந்தால், வேறிடத்தில் நெல்லை வாங்கு, விலை வித்தியாசத்தை நட்டஈடாகக் கேள் என்று சொல்லிவிடலாம். நிற்கும் பயிருக்கு அப்படிச் சொல்வது கடினம். அவசரமென்றால், எதிர்த்தரப்பைக் கேளாமலேயே முதலில் 14 நாட்களுக்கு மேற்படாத தடுப்புக் கட்டளையொன்றை வழங்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு.

இதுவரை எல்லாம் நியாயமாகவே இருக்கிறது. சிறிய வியாபாரிக்கும் குத்தகைக்காரனுக்கும் இந்த ஏற்பாடு அவசியம். சிக்கல் தொடங்குவது ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தில் அரசும் மறுபக்கத்தில் பெரு நிறுவனமும் இருந்து, நிலம் மூன்றாவது ஒருவருடையதாக இருக்கும்போது. கிண்ணியாவைத் தாண்டி மூதூர் வழியாகப் போனால் வரும் சம்பூரில் 2015 இல் நடந்தது அதுதான்.

2006 ஏப்ரலில் எறிகணைகளும் விமானக் குண்டுகளும் விழுந்தபோது சம்பூர் மக்கள் வெளியேறத் தொடங்கினர். அதே ஆண்டு செப்டெம்பரில் படையினர் அப்பகுதியைக் கைப்பற்றினர். மறு ஆண்டு அது உயர் பாதுகாப்பு வலயமானது. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் மக்கள் ஆண்டுக்கணக்கில் தகரக் கூரைகளின் கீழ் இருந்தனர். அவர்கள் அங்கிருக்கையிலேயே, 2012 இல், அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச வெளியிட்ட வர்த்தமானி மூலம் 818 ஏக்கர் முதலீட்டுச் சபையின் கீழ் வந்தது. கனரகக் கைத்தொழில் வலயம் அமைக்கவென அது ஸ்ரீலங்கா கேட்வே இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. இன்னொரு 237 ஏக்கரில் கடற்படை முகாம் இருந்தது.

2015 மே மாதத்தில் புதிய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த வர்த்தமானியை ரத்துச் செய்தார். ஊர் திரும்பலாம் என்ற நம்பிக்கை முகாம்களில் பிறந்த அந்த மாதத்திலேயே நிறுவனம் கொழும்பில் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. காணி விடுவிப்பைத் தடுக்கும் இடைக்கால உத்தரவு பிறந்தது. ஜூலையில் அது நீங்கியது. ஓகஸ்டில் ஜனாதிபதி சம்பூருக்கு வந்து காணிகளைக் கையளித்தார்.

இரண்டு மாதம்தானே என்று சொல்லலாம். ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு இரண்டு மாதம் பெரிதல்ல என்று வாதிடுவோரும் இருப்பர். முகாமில் ஒரு வாரம்கூட இருந்து பார்க்காதவர்கள்தான் அப்படி வாதிடுவார்கள். அதைவிட முக்கியமானது வேறொன்று. இடைக்காலத் தடையின் நோக்கம் வழக்கு முடியும்வரை 'இருக்கும் நிலையை' அப்படியே வைத்திருப்பது. சம்பூரில் இருந்த நிலை என்ன? ஓடிக்கொண்டிருந்த தொழிற்சாலையா? இல்லை. ஆட்களை வெளியேற்றிய பின் வெறுமையாகக் கிடந்த ஊர்தான் அங்கே 'இருக்கும் நிலை'. அந்த நிலையை உண்டாக்கியது போர். அதை ஒரு தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொண்டால், 2006 இல் ஊரில் அடுப்பெரிந்துகொண்டிருந்த நிலை கணக்கில் வராமல் போய்விடுகிறது.

நட்டஈட்டுக் கேள்வியையும் இங்கே பொருத்திப் பார்க்கலாம். ஒப்பந்தம் முறிந்தால் முதலீட்டாளரின் இழப்பை எண்ணிவிடலாம்: செலவழித்தது, எதிர்பார்த்த இலாபம், வங்கி வட்டி. கோயில் வாசலும் கிணறும் தென்னைகளும் கொண்ட வளவுக்குத் திரும்ப முடியாமல் போவதை எந்தக் கணக்காளர் எண்ணுவார்? மாவட்ட நீதிமன்றத்தில் குத்தகை வயலுக்குப் பார்க்கப்படும் அதே அளவுகோலால் அளந்தால், தராசு சம்பூர் மக்கள் பக்கமே சாயவேண்டும் என்பது என் கருத்து.

இவ்வாறான வழக்குகள் ஏன் கொழும்புக்கே போகின்றன என்று வாசகர்கள் கேட்பதுண்டு. அரசுக்கும் அமைச்சருக்கும் எதிராகச் சாதாரணத் தடை உத்தரவு கேட்பதற்குப் பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. எஞ்சுவது மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை, அல்லது உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. பின்னையதை, உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். அரச காணி தொடர்பாக மாகாண மேல் நீதிமன்றத்திடம் போகும் வழியையும் 2013 செப்டெம்பர் உயர் நீதிமன்றத் தீர்ப்பு பெருமளவில் அடைத்துவிட்டது. கொழும்பில் அலுவலகமும் சட்டத்தரணிகளும் உள்ள நிறுவனத்துக்கு ஒரு மாதம் போதும். கட்டைபறிச்சான் முகாமிலிருந்து பஸ் பிடித்துப் போகவேண்டியவருக்கு அது மிகக் குறுகிய காலம்.

நிறுவனங்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. 2008 இல் எண்ணெய் விலை தொடர்பான காப்பு ஒப்பந்தங்களின் கீழ் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் வங்கிகளுக்குப் பணம் கொடுப்பதை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவால் நிறுத்தியது. ஜேர்மனியின் டொய்ச்ச வங்கி சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. 2012 ஒக்டோபரில், இலங்கை அரசு 6 கோடி டொலருக்கு மேல் செலுத்தவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. உள்ளூர் நீதிமன்றம் கைவிட்டாலும் வெளிநாட்டு முதலீட்டாளர் கதவைத் தட்ட இடமுண்டு. இடம்பெயர்ந்த விவசாயிக்கு அப்படியொரு மன்றம் எங்கும் இல்லை. அவர் பெயர் அந்த ஒப்பந்தத்தில் இல்லை.

சம்பூர் பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தம்பலகாமம் குடாவை அடுத்த சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் தொடர்பில் 2022 ஜனவரியில் புதிய உடன்படிக்கைகள் கைச்சாத்தாகின. 2025 இல் முத்துநகர் விவசாயிகள், தாம் பயிர் செய்துவந்த நிலம் சூரிய மின் திட்டங்களுக்குப் போவதை எதிர்த்துத் திருகோணமலையில் போராடினர். துறைமுகத்தைச் சுற்றி இன்னும் ஒப்பந்தங்கள் வரும். அவற்றுள் சில முறியும். முறிந்தால் தடை உத்தரவு கேட்கப்படும்.

அப்போது அந்தக் காணியில் உரித்துள்ளவர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தமக்கும் இதில் பாதிப்புண்டு, தம்மையும் தரப்பினராகச் சேர்க்கவேண்டும் என்று அதே வழக்கில் விண்ணப்பிக்கலாம். அதற்கு உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய மின் கட்டணச் சிட்டை, வாக்காளர் இடாப்புப் பிரதி, கமநல சேவை நிலையத்துப் பதிவு எல்லாம் உதவும். போரில் இவற்றைத் தொலைத்தவர்கள் ஏராளம். கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் பிரதி கேட்டு விண்ணப்பிக்க வழக்கு வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை.