இவளுக்கு இது போதும்

தி.நகரிலோ அடையாற்றிலோ ஒரு தனியார் மருத்துவமனை என்று வைத்துக்கொள்வோம். நிற்காத மாதவிடாய் ரத்தப்போக்கோடு இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஒருவர் மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் சமைப்பவர், கையில் காப்பீட்டு அட்டை. மற்றவர் பணம் கட்டுபவர். முன்னவருக்கு, "ரெண்டு புள்ள பெத்தாச்சுல்ல, எடுத்துடலாம்மா." பின்னவருக்கு மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், "யோசிச்சு சொல்லுங்க மேடம்."

கேட்டால் காப்பீட்டைக் காட்டுவார்கள். அதில் உண்மை உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்கு, இன்ன அறுவைக்கு இன்ன தொகை என்று. மாதாமாதம் வந்து மாத்திரை வாங்கிப்போக அதில் வழியில்லை. கத்திக்குப் பணம் உண்டு, காத்திருப்புக்கு இல்லை.

ஆனால் வரம்பு தொகையைத்தான் சொல்கிறது. இவளுக்குக் கருப்பை இனி எதற்கு என்ற நினைப்பைக் காப்பீட்டு நிறுவனம் தரவில்லை. அது சமையற்காரிக்குத் தனி டம்ளர் வைத்த வீட்டில் கற்றது. பெண் மருத்துவர் என்பதால் மட்டும் அது மறந்துவிடாது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையின்றிக் கருப்பை அகற்றப்பட்டவர்கள் பெரும்பாலும் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண்கள் என்று வழக்கே நடந்தது. கண்காணிப்பு நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

பின்புலம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி மரபில் வந்த தாயின் மகள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். புற்றுநோய்க்குச் செலவழிப்பதே வீண் என்று பலர் எண்ணிய காலத்தில், 1954இல், அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். பணமில்லாதவருக்கும் அங்கே சிகிச்சை கிடைத்தது. யாருக்கு எது போதும் என்ற கணக்கை அவர் வேறிடத்தில் நின்று போட்டார்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% இடம் ஒதுக்கி 2020இல் சட்டம் வந்தபோது, "தகுதி என்னாவது?" என்று புலம்பிய மாமிகளையும் மாமாக்களையும் எனக்குத் தெரியும். அட்டையைப் பிடித்தபடி அம்மாவோடு வரிசையில் நின்றதும் ஒரு தகுதிதான். நீட் அதை அளப்பதில்லை. அந்த 7.5% இளநிலைப் படிப்போடு நின்றுவிடுகிறது. கருப்பையை எடுப்பதா வேண்டாமா என்று சொல்பவரோ மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர். அந்த இடங்களிலும் ஒதுக்கீடு வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் ஏன் இன்னும் உரக்கக் கேட்கவில்லை?