பூங்காவில் புகை எதற்கு?

பூங்கா ஊருக்கெல்லாம் பொதுவான முற்றம். அங்கே குழந்தைகள் ஊஞ்சலாடுகிறார்கள். முதியோர் காற்று வாங்குகிறார்கள். அங்கே ஒருவர் பீடியைப் பற்றவைத்தால், பக்கத்தில் இருப்பவரும் விரும்பாமலே அந்தப் புகையைச் சுவாசிக்கிறார். இது நியாயமா?

1999-இல் கேரள உயர்நீதிமன்றமும், 2001-இல் உச்சநீதிமன்றமும் பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்க ஆணையிட்டன. 2003-ஆம் ஆண்டு மத்திய சட்டம் திறந்த வெளிக்கு விலக்கு அளித்திருந்தது. ஆனால் 2008 அக்டோபர் 2, காந்தியடிகள் பிறந்த நாளன்று நடைமுறைக்கு வந்த விதிகள், விளையாட்டரங்கம், பேருந்து நிலையம் போன்று மக்கள் வந்து செல்லும் இடங்களுக்கு அந்த விலக்கு இல்லை என்று கூறிவிட்டன. பூங்காவும் மக்கள் வந்து செல்லும் இடந்தானே? மீறுவோர்க்கு 200 ரூபாய் வரை அபராதம். பள்ளியிலிருந்து 100 கெஜத்திற்குள் புகையிலைப் பொருள் விற்பதும் குற்றமே.

இத்தனையும் நன்று. ஆயினும் நெல்லைச் சீமையில் வாழும் நாம் இத்துடன் பேச்சை முடித்துவிட இயலாது. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பகுதிகளில் வீடு வீடாகப் பெண்கள் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரக் கணக்கில் எண்ணிக் கொடுத்தால்தான் கூலி. தாம் புகைக்காவிட்டாலும் புகையிலைத் தூள் அவர்கள் நெஞ்சில் இறங்குகிறது. எங்கள் வகுப்புகளிலும் அந்தக் கூலியால் வாங்கிய சீருடைகள் உண்டு. 1976-ஆம் ஆண்டு பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டத்தின் பயனாய்க் கல்வி உதவித்தொகை பெற்றுப் படித்தவர்களும் நம் மாவட்டத்தில் பலர்.

‘புகைக்காதே’ என்று பலகை எழுதுவது எளிது. இந்தத் தாய்மாரின் அடுப்பு நாளை எப்படி எரியும் என்றும் சேர்த்துக் கேட்பதே அறம். 2005-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, தன் 17-ஆம் பிரிவில், புகையிலைத் தொழிலாளருக்கு மாற்று வாழ்வாதாரம் கிடைக்க அரசுகள் துணை செய்ய வேண்டும் என்கிறது. 2004-லேயே அதை ஏற்றுக்கொண்டது நம் நாடு. கொடுத்த வாக்கைக் காக்க வேண்டாமா?

ஆகவே, பூங்காவில் புகையைத் தடுப்போம். பீடி சுற்றும் தாயைப் பழிக்காதிருப்போம். தையலோ வேறு கைத்தொழிலோ, பீடிக் கூலிக்குக் குறையாத வருமானத்துடன் அவள் வீட்டுக்கு அருகிலேயே கிடைக்கக் குரல் கொடுப்போம். இம்மலரைப் படிக்கும் தந்தையரே! நீங்கள் புகைப்பதை விட்டால் பூங்காவின் காற்றோடு வீட்டின் காற்றும் தூய்மையாகும். உங்கள் பெண்மக்கள் உங்களிடம் கேட்கும் பரிசு இதுவே.