அண்ணப் பிளவுக் குழந்தைக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி பால்தான் சிகிச்சை

உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவோட பிறக்குற குழந்தைகளுக்குப் பால் கொடுக்குறது பத்தி ஒரு நீளமான த்ரெட். உங்க வீட்டுல அப்படி ஒரு பிள்ளை இல்லைன்னாலும் படிங்க. சுமார் 700 பிரசவத்துக்கு ஒண்ணுங்கிற கணக்குல பிறக்குறாங்க. சொந்தத்துலயோ பக்கத்து வீட்டுலயோ ஒரு நாள் உங்ககிட்ட யோசனை கேப்பாங்க.

பிள்ளையைப் பார்த்ததும் குடும்பம் கேக்குற முதல் கேள்வி: "ஆபரேஷன் எப்ப சார்?" அப்பா கேப்பார், பாட்டி கேப்பாங்க, ஊர்ல இருந்து மாமா போன் பண்ணிக் கேப்பார். "இன்னைக்கு ராத்திரி இதுக்குப் பால் எப்படிக் கொடுக்குறது?"ன்னு கேக்குறவங்க ரொம்பக் கம்மி. என்னைக் கேட்டா இந்த இரண்டாவது கேள்விதான் அவசரம்.

ஏன்னா ஆபரேஷன் உடனே செய்யற விஷயம் இல்ல. உதட்டுக்கு பொதுவா 3 மாசத்துல இருந்து 6 மாசத்துக்குள்ள. அண்ணத்துக்கு 9 மாசத்துல இருந்து ஒன்றரை வயசுக்குள்ள. உதட்டு ஆபரேஷனுக்கு பழைய "பத்து விதி" ஒண்ணு இருக்கு: 10 வாரம் வயசு, 10 பவுண்டு எடை (அதாவது நாலரைக் கிலோ), 10 கிராம் ஹீமோகுளோபின். இந்த மூணுல வயசு மட்டும்தான் தானா வரும். எடையும் ரத்தமும் பால்ல இருந்துதான் வரணும்.

மூணு மாசம் கழிச்சு தேதி வாங்க வரும்போது பிள்ளை மூணு கிலோவுலயே நிக்கும். மயக்க மருந்து டாக்டர் முடியாதுன்னு சொல்லிடுவார். "காசு வாங்காம செய்யறதால இழுத்தடிக்கிறாங்க"ன்னு குடும்பம் கோவிச்சுக்கும். இழுத்தடிச்சது எடை.

முதல்ல ஒரு பழியை ஓரங்கட்டிடுவோம். பிரெஞ்சுக்காரங்க இதை "பெக் த லியேவ்ர்"னு சொன்னாங்க, முயல் வாய்னு அர்த்தம். நாம கிரகண மூளின்னோம். பேர் வெக்குறதுல எந்த ஊரும் பெருந்தன்மையா இருந்ததில்ல. கர்ப்பத்தோட 4 முதல் 7 வாரத்துக்குள்ள உதடும், 6 முதல் 9 வாரத்துக்குள்ள அண்ணமும் கூடி முடியுது. பல பேருக்கு கர்ப்பம்னே தெரியாத நேரம் அது. கிரகணத்தன்னைக்கு காய் நறுக்கினதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இந்தப் பேச்சால அந்த அம்மா அழுது, சாப்பிடாம, தூங்காம இருந்தா பால் சுரப்புதான் பாதிக்கும்.

சரி, பால் ஏன் இறங்க மாட்டேங்குது? இளநீர்ல போடுற ஸ்ட்ரா நடுவுல கிழிஞ்சிருந்தா எவ்வளவு உறிஞ்சினாலும் காத்துதான் வரும் இல்லையா, அதே கதைதான். பால் உறிஞ்ச வாய்க்குள்ள காத்து அழுத்தம் குறையணும். அண்ணத்துல பிளவு இருந்தா வாயும் மூக்கும் ஒண்ணாயிடுது, அந்த அழுத்தம் உருவாகாது. பிள்ளை உறிஞ்சுற மாதிரியே இருக்கும், தாடை அசையும், ஆனா உள்ள போறது கொஞ்சம்தான்.

உதட்டுல மட்டும் பிளவு, அண்ணம் நல்லா இருக்குன்னா பெரும்பாலும் நேரடியா தாய்ப்பால் குடிக்க முடியும். மார்பே அந்த இடைவெளியை அடைச்சுக்கும், இல்லைன்னா அம்மா விரலால மூடிக்கலாம். அதனால பிறந்த அன்னைக்கே டார்ச் அடிச்சு அண்ணத்தைப் பாருங்கன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. உதடு நல்லா இருந்து அண்ணத்துல மட்டும் பிளவு இருக்குற பிள்ளைகளும் உண்டு. ஸ்கேன்ல அது பல சமயம் தெரியாது. மூக்கு வழியா பால் வருது, ஒவ்வொரு வேளையும் ஒரு மணி நேரம் ஆகுதுன்னா சந்தேகப்படணும்.

இந்த "ஒரு மணி நேரம்" முக்கியம். "நல்லா குடிக்குது டாக்டர், ஒரு மணி நேரம் விடவே மாட்டேங்குது"ன்னு சந்தோஷமா சொல்வாங்க. அது நல்ல சேதி இல்ல. குடிச்ச பாலை விட குடிக்க செலவழிச்ச சக்தி அதிகமாயிடும். ஒரு வேளை அரை மணி நேரத்துக்குள்ள முடியணும். முதல் வாரத்துக்கு அப்புறம் ஒரு நாளைக்கு கிலோவுக்கு சுமார் 150 மில்லி தேவை. 3 கிலோ பிள்ளைக்கு 450 மில்லி, எட்டு வேளையாப் பிரிச்சா வேளைக்கு 55, 60 மில்லி.

அப்ப எப்படிக் கொடுக்குறது? அம்மா பாலைப் பிழிஞ்சு எடுத்து, பாலாடையில.

நேரு வீதி நகைக்கடைகள்ல தாய்மாமன் சீருக்குன்னு வெள்ளிச் சங்கு வாங்குறோமே, அதேதான். பாத்திரக்கடையில எவர்சில்வர்ல மலிவா கிடைக்கும். இங்கிலாந்துல மாண்டி ஹேபர்மன்னு ஒரு அம்மா, 1980ல பிறந்த தன் மகளுக்குப் பால் கொடுக்க முடியாமத் தவிச்சு, உறிஞ்சும் பலமில்லாத பிள்ளைகளுக்குன்னே ஒரு பாட்டிலை வடிவமைச்சாங்க. நல்ல கருவி, ஆனா விலை அதிகம். நம்ம பாட்டிங்க கையில அந்த வேலைக்கு ஏற்கெனவே ஒண்ணு இருந்துச்சு. குறைமாசக் குழந்தைகளுக்கான மருத்துவக் கட்டுரைகள்ல அதை இன்னைக்கும் "பாலாடை"ன்னே எழுதுறாங்க.

ஆனா இங்கதான் நான் பாட்டிங்களோட சண்டை போடுவேன். பாத்திரம் சரி, புகட்டுற விதம் தப்பு. காலை நீட்டி உக்காந்து, பிள்ளையை மல்லாக்கப் போட்டு, கன்னத்தை அழுத்தி, தொண்டையில ஊத்துறது. இந்தப் பிள்ளைக்கு அது ஆபத்து. நுரையீரலுக்குள்ள போயிடும்.

பிள்ளையை முக்கால்வாசி உக்கார வெச்ச மாதிரி நிமிர்த்திப் பிடிங்க, தலையும் கழுத்தும் உங்க கையில. பாலாடை மூக்கை கீழுதட்டு மேல, வாயோரமா வைங்க. பிளவு இல்லாத பக்கமா இருந்தா நல்லது. சொட்டுச் சொட்டா விடுங்க. விழுங்கினது தெரிஞ்சப்புறம் அடுத்தது. பிள்ளை நிறுத்தினா நீங்களும் நிறுத்துங்க. காத்து நிறைய விழுங்கும், அதனால நடுவுல ரெண்டு மூணு தடவை தோள்ல போட்டு ஏப்பம் விட வைங்க. முதல் ரெண்டு நாள் பாதி பால் துணியிலதான் இருக்கும். மூணாவது நாள் கை பழகிடும்.

பாட்டில்தான் வேணும்னா, அமுக்கினா பால் வர்ற மென்மையான பாட்டில் வாங்குங்க. 2011ல வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 5 ஆய்வுகள், 292 குழந்தைகளை வெச்சுப் பார்த்துச்சு. கெட்டியான பாட்டிலை விட அமுக்குற பாட்டில் கையாள சுலபம்னு தெரிஞ்சது. அண்ணத்துல மாட்டுற தட்டு எடையைக் கூட்டும்கிறதுக்கு ஆதாரம் கிடைக்கல. சாதா பாட்டில் நிப்பிள்ல ஊசியைக் காய்ச்சி ஓட்டையைப் பெருசாக்குறதை மட்டும் செய்யாதீங்க. பால் மொத்தமா கொட்டி பிள்ளைக்கு மூச்சு முட்டும்.

மூக்கு வழியா பால் வந்தா பயந்து நிறுத்திடாதீங்க. வழி திறந்திருக்கு, வருது, அவ்வளவுதான். துடைச்சுட்டு, இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி, மெதுவா தொடருங்க. இருமல் விடாம வந்தா, உதடு நீலமானா, மூச்சு வாங்கினா அது வேற கதை, உடனே ஆஸ்பத்திரி. கீழ்த்தாடை ரொம்பச் சின்னதா உள்வாங்கி இருக்குற பிள்ளையை வீட்டுல வெச்சுப் பரிசோதனை பண்ணாதீங்க. நாக்கு பின்னாடி சரிஞ்சு மூச்சை அடைக்கும்.

"பால் பவுடர் கொடுத்தா சீக்கிரம் எடை போடுமா?" உறிஞ்ச முடியாததுதான் பிரச்னை, பாலோட தரம் இல்ல. இந்தப் பிள்ளைகளுக்குக் காதுல சீழ் அடிக்கடி வரும், தாய்ப்பால் அதைக் குறைக்குது. பிள்ளை சரியா உறிஞ்சாததால சுரப்பு குறையும், அதனால முதல் நாள்ல இருந்தே ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா, ராத்திரியும் சேர்த்துப் பிழியணும். அலுப்பான வேலைதான். அந்த நேரத்துல வீட்டு வேலையை வேற யாராவது பார்த்துக்கோங்க. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கும்போது பால் போதலைன்னா தாய்ப்பால் வங்கி இருக்கான்னு கேளுங்க. நம்ம ஜிப்மர்ல 2016ல இருந்து "அமுதம்" இருக்கு.

வாரம் ஒரு தடவை எடை. அதே மெஷின், துணி இல்லாம. முதல் மூணு மாசம் வாரத்துக்கு 150 கிராமாவது ஏறணும். "யார் கண்ணுலயும் படக்கூடாது"ன்னு பிள்ளையை உள்ளயே வெச்சிருக்குற வீடுகள்ல எடை பார்க்கவே வர்றதில்ல. துண்டு போர்த்திக்கிட்டாவது வாங்க.

அடுத்து ஆபரேஷன் நாள். மயக்கத்துல வயித்துல இருக்குறது மேல வந்து நுரையீரலுக்குப் போகாம இருக்கத்தான் பட்டினி. பொதுக் கணக்கு: தாய்ப்பால் 4 மணி நேரம் முன்னாடி வரை, பவுடர் பாலும் மாட்டுப் பாலும் 6 மணி நேரம், வெறும் தண்ணி 2 மணி நேரம். காலை 8 மணிக்கு ஆபரேஷன்னா கடைசி தாய்ப்பால் விடியக்காலை 4 மணிக்கு. உங்க மயக்க மருந்து டாக்டர் சொல்ற நேரம்தான் இறுதி, அதைத் தாள்ல எழுதி வாங்குங்க. அழுகுதேன்னு திருட்டுத்தனமா ஒரு சங்கு கொடுக்குறது எவ்வளவு தப்போ, பயந்துபோய் முந்தின நாள் ராத்திரி 8 மணியோட நிறுத்துறதும் அவ்வளவு தப்பு. சின்னப் பிள்ளைக்கு சர்க்கரை இறங்கிடும். லிஸ்ட் தள்ளிப்போனா வாயை மூடிக்கிட்டு உக்காராம, "இடையில ஏதாவது கொடுக்கலாமா சிஸ்டர்?"னு கேளுங்க.

உதட்டுத் தையலுக்கு அப்புறம் பத்து நாள் மார்புல போடாதே, ஸ்பூன்லதான்னு ஒரு பழக்கம் ரொம்ப நாளா இருந்துச்சு. தையல் பிரிஞ்சுடும்னு பயம். 1996ல ஸ்ரீநகர் டாக்டர்கள் 40 குழந்தைகளை ரெண்டா பிரிச்சு, பாதிப் பேருக்குத் தாய்ப்பால், பாதிப் பேருக்கு ஸ்பூன்னு பார்த்தாங்க. நேரடியா தாய்ப்பால் குடிச்சவங்க அதிக எடை போட்டாங்க. தையலுக்குக் கெடுதல் வரல. சின்ன ஆய்வுதான், ஆனா நம்ம நாட்டு ஆய்வு. விரல் போட்டு நோண்டுறதையும் குப்புற விழுறதையும் தடுங்க. பாலைத் தடுக்காதீங்க. உங்க சர்ஜன் வேற மாதிரி சொன்னா, ஏன்னு மரியாதையா ஒரு கேள்வி கேட்டுட்டு அவர் சொல்றபடி செய்யுங்க.

அண்ண ஆபரேஷன் வேற. அங்க பிள்ளைக்கு ஒரு வயசு பக்கத்துல, பல் இருக்கும், பிடிவாதம் இருக்கும். மூணு வாரம் போல ஸ்பூனை உள்ள விடக்கூடாது, ஸ்ட்ரா, பிஸ்கட், முறுக்கு, கைக்குக் கிடைச்ச பொம்மை எதுவும் வாய்க்குள்ள போகக்கூடாது. டம்ளர்ல குடிக்கணும். அந்தப் பழக்கத்தை ஆபரேஷனுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிங்க. வலியில இருக்குற பிள்ளைக்கு அன்னைக்குப் போய் டம்ளர் சொல்லிக்கொடுக்க முடியாது. பால், வடிகட்டின கஞ்சி, தண்ணியா கேழ்வரகுக் கூழ், பருப்புத் தண்ணி. ஒவ்வொரு தடவையும் கடைசியா ரெண்டு வாய் வெறும் தண்ணி. குடிக்க மாட்டேன்னு அழுதா பல சமயம் பசியில்லாம இல்ல, வலி. எழுதிக் கொடுத்த வலி மருந்தை அரை மணி நேரம் முன்னாடி கொடுத்துட்டு முயற்சி பண்ணுங்க. ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலைன்னா, தையல்ல இருந்து புது ரத்தம் வந்தா காத்திருக்காதீங்க.

இப்ப என் துறைக்காரங்களுக்கு ஒண்ணு. "ஸ்மைல் பிங்கி" படத்துக்கு 2009ல ஆஸ்கர் கிடைச்சது, இலவச ஆபரேஷன் இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சது. நல்லது. 2013ல இருந்து ஆர்.பி.எஸ்.கே. திட்டத்துல இந்தப் பிளவும் இருக்கு, அரசு வழியா பரிந்துரையும் சிகிச்சையும் உண்டு. ஆனா பிரசவ வார்டுல இருந்து இந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டுல இருக்குறது "3 மாசம் கழித்து பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி." அப்படிங்கிற ஒரு வரி. அந்த மூணு மாசத்துக்கு என்ன பண்றதுன்னு ஒரு வரி இல்ல.

அம்மா தன் கையால ஒரு முழு வேளைப் பால் கொடுத்ததை நர்ஸ் நேர்ல பார்த்து, எத்தனை மில்லி, எத்தனை நிமிஷம்னு கேஸ் ஷீட்ல எழுதாம டிஸ்சார்ஜ் கூடாதுன்னு விதி வேணும். வார்டுல ஆள் பத்தாது, எனக்கும் தெரியும். ஆனா இதுக்கு ஆகுறது அரை மணி நேரம், ரெண்டு தடவை. அதே பிள்ளை எலும்பும் தோலுமா திரும்பி வந்து பத்து நாள் அட்மிஷன்ல கிடந்தா, அதே நர்ஸ்தான் பார்க்கணும்.

அந்த விதி வர்ற வரைக்கும், நீங்க டிஸ்சார்ஜ் சீட்டை வாங்குறதுக்கு முன்னாடி வார்டு சிஸ்டர்கிட்ட பாலாடையைக் கொடுத்து, "ஒரு தடவை நான் கொடுக்குறேன், சரியான்னு பாருங்க சிஸ்டர்"னு கேளுங்க. கூடவே அடுத்த வாரம் எடை பார்க்க எங்க, என்னைக்கு வரணும்னு சீட்டோட பின்பக்கத்துல எழுதி வாங்கிக்கோங்க.