விதைநெல் ஒதுக்குக!

உழவன் எத்துணை வறுமையுற்றாலும் விதைநெல்லை உலையிலிடான். அது முளைக்குமா என முன்னரே சான்று கேட்பாரும் இலர். அறிவியலாய்வுக்கு நல்கை வழங்குவோரோ, முளைத்ததைக் காட்டினால்தான் விதை தருவோம் என்கின்றனர்! இதனால் பெரிதும் தாழ்வுறுவது, உயிரியலில் பல துறையார் இணைந்து செய்யும் ஆய்வே. இயற்பியலார் அதனை உயிரியல் என்பர். உயிரியலார் இயற்பியல் என்பர். இரு வாயிலிலும் அது திருப்பியனுப்பப்பெறும்.

வரலாறு கூறுவது யாது? 1928இல் பிளெமிங்கு கண்ட பெனிசிலின், பத்தாண்டுகட்கு மேலாகியும் நோயாளர்க்கு மருந்தாகவில்லை. ஆக்சுபோர்டில் நோயியலறிஞர் புளோரியும் உயிர்வேதியியலறிஞர் செயினும் கைகோத்தனர். அவர்தம் துணைவர் ஈட்லி, நோயாளர்க்குரிய கழிகலங்களிலும் பூஞ்சை வளர்த்தார். 1940ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இராக்பெல்லர் அறநிறுவனம் ஆண்டுக்கு 5,000 அமெரிக்கத் தாலர் வீதம் ஐந்தாண்டுகட்கு உதவ முன்வந்தது. அன்று அம்மருந்து ஓர் எலியையேனும் காத்ததில்லை. அவ்வாண்டு மே 25இல் கொடிய நுண்ணுயிர் செலுத்தப்பெற்ற எட்டு எலிகளுள், மருந்து பெறாத நான்கும் விடியுமுன் மாண்டன. மருந்து பெற்ற நான்கும் விடியலைக் கண்டன!

தொலைவிற் செல்வானேன்? சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலக்குமணசாமி முதலியார் மருத்துவர். எனினும் இயற்பியலறிஞர் கோ. நா. இராமச்சந்திரனின் ஆற்றலை நம்பினார். 1952இல் இயற்பியல் துறைத் தலைமையேற்ற அவ்விளைஞர், தம் துறையெல்லையைக் கடந்து, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாசன் என்னும் புரதத்தை ஆய்ந்தார். அது முப்புரிக் கயிறு போன்றதென 1954இல் கர்த்தாவுடன் இணைந்து உலகிற்கு உணர்த்தினார். இராமகிருட்டிணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட வரைபடம், புரத வடிவைச் சரிபார்க்கும் அளவுகோலாக இன்றும் நிற்கின்றது.

விதைத்தவை எல்லாம் விளையா என்பர். மெய்யே, பதரும் போகும். ஆயினும், விதையாத நிலத்தில் விளைவது என்ன?

ஆகவே, தமிழகப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் ஆய்வுக்கென உள்ள பொருளில் ஒரு சிறு கூற்றை ஆண்டுதோறும் வித்துநல்கையாக ஒதுக்குதல் வேண்டும். இரு துறையார் இணைந்து கேட்டாலன்றி அதனைத் தரலாகாது. வேண்டுகோள் இரண்டு பக்கத்தில் முடிதல் வேண்டும். விடை இரண்டு திங்களில் வருதல் வேண்டும். தோற்ற முயற்சியும் மறைக்கப்பெறாமல் வெளியிடப்பெறல் வேண்டும்; தோற்றார்க்கு ஒறுப்புக் கூடாது.

பெரும்பொருள் வந்தபின் பார்ப்போம் என்பார்க்கு ஒன்று சொல்வோம்: மழை பெய்யும் நாளில் விதையில்லாதவன் அம்மழையையும் இழப்பான்.