பூனை இருக்கும் வீட்டில் ஒரு எலி

போன எடவப்பாதி மழை நேரம். இங்கே டொராண்டோவில் காலை 7 மணி, ஊரில் மாலை 4.30. அம்மா போனில், "மக்களே, வீட்டுல ஒரு சுண்டெலி கேறியிருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் குறிஞ்ஞி, மணியன் என்று இரண்டு பூச்சைகள் உண்டு (எங்கள் பக்கம் பூனைக்கு அதுதான் பேர்). இரண்டுக்கும் தினமும் சாளை மீன் வேறு. "சாளையை நிறுத்தும்மா, தானாப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

எங்கள் வீடு பாறசாலைக்கும் நெய்யாற்றங்கரைக்கும் இடையில், ரப்பர் தோட்டங்களை ஒட்டி இருக்கிறது. 1956 நவம்பர் 1-ம் தேதி கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நெய்யாற்றங்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதனால் ரேஷன் கார்டு மலையாளத்தில், அடுக்களைப் பேச்சு தமிழில், எலிப்பொறிக்குப் பேர் எலிப்பத்தாயம். அடூர் கோபாலகிருஷ்ணனின் 1981-ம் வருஷப் படத்தின் பேரும் அதுவேதான். பொறியில் விழுந்த எலியைத் தங்கை குளத்தில் கொண்டுபோய் முக்குவாள், அண்ணனோ எதையும் நேரில் எதிர்கொள்ளாமல் வீட்டுக்குள்ளேயே ஒளிந்து கிடப்பான். இப்போது யோசித்தால் அந்த அண்ணன் என்னைப் போலத்தான் இருக்கிறான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வாரம் கழித்தும் எலி போகவில்லை. "கடையில் எலி விஷக் கட்டி கிடைக்கும், வாங்கி வை" என்றேன். "பூச்சைகள் இருக்கே மக்களே" என்று அம்மா இழுத்தாள். "அதுங்க கட்டியைத் தின்னாது, தைரியமா வை" என்று அடித்துச் சொன்னேன். எட்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவதில் நமக்கு ஒரு சுகம்.

நான் சொன்னது பாதி உண்மை. பூனை பெரும்பாலும் கட்டியைத் தின்னாது. ஆனால் கட்டியைத் தின்ற எலியைத் தின்னும். ப்ரோமாடியோலோன் போன்ற விஷங்கள் எலியை உடனே கொல்வதில்லை. ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும், இந்த விஷம் அதன் வேலையைத் தடுத்து, சில நாட்களில் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியவைக்கிறது. அந்தச் சில நாட்களும் எலி தள்ளாடிக்கொண்டு வெளியே திரியும். அதுவரை எட்டாத எலி அப்போது பூனைக்குச் சுலபமாக மாட்டும்.

குறிஞ்ஞிக்கு அப்படித்தான் மாட்டியது. நாலைந்து நாளில் அது சாப்பிடாமல் மூலையில் சுருண்டுகொண்டது. ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம். 74 வயது அம்மா மழையில் அதைத் துணியில் சுற்றி, ஆட்டோவில் மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நல்லவேளை, விஷக் கட்டியின் உறையையும் கையோடு எடுத்துப் போயிருந்தாள். டாக்டர் அதைப் பார்த்துத்தான் வைட்டமின் கே ஊசி போட்டார். பிறகு பல வாரம் மாத்திரை. பிழைத்துக்கொண்டது. அம்மா என்னைத் திட்டவில்லை. "நீ சொன்னியேன்னு வச்சேன்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அதுவே போதும்.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு நாற்றம். அடுத்த வீட்டுத் தம்பி வந்து தேடினான். எங்கிருந்து தெரியுமா? என் அறையிலிருந்து! வருஷத்தில் மூன்று வாரம் நாங்கள் வந்து தங்குவதற்காக மற்ற நாளெல்லாம் பூட்டி வைத்திருக்கும் அறை. என் மகளுக்குப் பூனை முடி ஒத்துக்கொள்ளாது என்பதால் பூச்சைகள் உள்ளே வரக்கூடாது என்று நானே சட்டம் போட்டிருந்தேன். ஏசி குழாய்க்குச் சுவரில் போட்ட ஓட்டையைச் சரியாக அடைக்கவில்லை. பென்சில் நுழையும் இடைவெளி போதும், சுண்டெலி நுழைந்துவிடும். மெத்தைப் பஞ்சையும் என் பழைய காலேஜ் நோட்டுகளையும் கடித்துக் கூடு கட்டியிருந்தது.

2018-ல் ஃபோர்தாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஒருவரும் குழுவும் நியூயார்க்கில் ஒரு குப்பைக் கிடங்கில் 79 நாள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். அத்தனை நாளில் அங்கே திரிந்த பூனைகள் கொன்றது இரண்டே இரண்டு எலி. பூனை வந்தபோதெல்லாம் எலிகள் ஒளிந்துகொண்டன, அவ்வளவுதான். அவை பெருச்சாளி மாதிரி பெரிய எலிகள், சுண்டெலியைப் பூனை நன்றாகவே பிடிக்கும். ஆனாலும் பூனை நடமாடும் இடத்தைவிட்டு அது வராத இடத்துக்கு எலி போகும் என்பது நம் வீட்டுக்கும் பொருந்தும். எங்கள் வீட்டில் அப்படி இருந்தது ஒரே ஒரு இடம், என் அறை.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். பூனை இருக்கும் வீட்டில் எலி விஷம் வேண்டவே வேண்டாம். ஒட்டும் அட்டையும் வேண்டாம், அதில் பூனையின் காலும் மாட்டும். ஏசி ஓட்டையை இரும்பு நாரும் சிமெண்டும் வைத்து அடையுங்கள். அரிசி, தேங்காய், பிஸ்கட் எல்லாம் மூடி போட்ட டப்பாவில் இருக்கட்டும். கட்டிலுக்கு அடியில், பூனையின் கை எட்டாத இடத்தில் பழைய பெட்டிப்பொறியே போதும். எலிப் புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காமல் பிளீச்சிங் தண்ணீர் தெளித்து, கையுறை போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் எலிக்காய்ச்சல் எத்தனை பேரைப் படுக்க வைத்தது என்று நமக்குத் தெரியும்.

"வயல், தோட்டமெல்லாம் விஷமில்லாமல் முடியுமா?" என்று கேட்பீர்கள். அது விவசாயியின் கணக்கு, நான் அதற்குள் போகவில்லை. நான் பேசுவது வயசானவர்கள் தனியாக இருக்கும் நம் வீடுகளைப் பற்றி. அங்கே பூனை ஒரு செல்லப்பிராணி மட்டுமல்ல. ராத்திரி அம்மா பேசுவதற்கு ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

நமக்காக என்று பூட்டி வைத்த அறைகளைத் திறக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இப்போது என் அறைக் கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கிறது. மணியன் என் கட்டிலில் படுத்திருக்கிறதாம். போகும்போது பாயை மாற்றிக்கொள்ளலாம், மகளுக்கு மாத்திரை கொடுத்துக்கொள்ளலாம். மூன்று வாரம்தானே :-)